மண்புழு போன்ற ஒரு கடற்புழு: பாலிகீட்டா என்ற வகுப்பு இன்னும் இருக்கிறதா?

ஈரமணல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். முகத்துவாரச் சேற்று மணலை அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசியபோது கிடைத்த இரண்டு புழுக்கள் ஒரு வாரமாக என் மேசையில் இருக்கின்றன. இரண்டையும் ஃபார்மலினில் பதப்படுத்தி, பிறகு 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிவிட்டேன்.

முதல் புழுவில் எனக்கு ஐயம் எதுவும் இல்லை. தலையில் நான்கு கண்கள், இரண்டு சிறிய உணர்கொம்புகள், பருத்த இரண்டு பால்ப்புகள் (தலையின் உணர்நீட்சிகள்), கழுத்தருகே இருபுறமும் நந்நான்கு சிர்ரிகள் (மெல்லிய உணர்இழைகள்), உடல் முழுவதும் துடுப்புப் போன்ற பக்கக்கால்கள், அவற்றிலிருந்து விசிறியாக விரியும் முள்மயிர்கள் என்று பாடநூலில் உள்ள நீரிஸ் படம் அப்படியே எழுந்து வந்ததுபோல் இருக்கிறது.

சிக்கல் இரண்டாவதில்தான். ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் நீளமும் தையல் நூலின் பருமனும் கொண்டது. உயிரோடு இருந்தபோது கருஞ்சிவப்பாக இருந்தது. முன்பகுதி சற்றுப் பருத்தும் பின்பகுதி மெலிந்தும் காணப்படுகிறது. கண், உணர்கொம்பு, பால்ப், சிர்ரி எதுவுமே இல்லை. தலை வெறும் கூம்பாக முடிகிறது. பக்கக்கால் இருக்க வேண்டிய இடத்தில் தோலிலிருந்து நேரடியாகக் கிளம்பும் சில மயிர்கள் மட்டுமே தெரிகின்றன. என்னோடு வேலை செய்பவர் இதைப் பார்த்தவுடன் மண்புழுக் குஞ்சு என்றே சொல்லிவிட்டார்.

நாங்கள் படித்த காலத்தில் வளைதசைப்புழுக்கள் தொகுதிக்கு பாலிகீட்டா, ஒலிகோகீட்டா (மண்புழு வகை), ஹிருடினியா (அட்டைகள்) என்று மூன்று வகுப்புகள் இருந்தன. பக்கக்காலும் தெளிவான தலையும் இருந்தால் பாலிகீட்டா, அவை இல்லாமல் கிளைடெல்லம் (முதிர்ந்த மண்புழுவில் தெரியும் தடித்த வளையம்) இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று என்று பிரித்துவிடலாம். இப்போது வரும் ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால், பாலிகீட்டா என்பது இயற்கையான குழுவே அல்ல என்றும், மண்புழுவும் அட்டையும் அதற்குள்ளிருந்தே கிளைத்தவை என்றும், முன்பு தனித் தொகுதிகளாக இருந்த சில புழுக்கள்கூட அதற்குள் சேர்ந்துவிட்டன என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே எனக்கு இரண்டு கேள்விகள். இந்த இரண்டாம் புழுவை உடற்கூற்றை மட்டும் வைத்து அடையாளம் காண என்ன பார்க்க வேண்டும்? பழைய வகைப்பாடு டி.என்.ஏ ஆய்வால் மட்டும்தான் உடைந்ததா, உடலமைப்பிலேயே அதற்கான சான்று இருந்ததா? பதிவேட்டில் ‘வகுப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எதை எழுதுவது என்பதும் தெரியவில்லை.

கண்ணாடித்தகடு எழுதியது:

உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். மற்றதைப் பற்றி எழுத இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

வளைதசைப்புழுவின் உடலை வெறும் கண்டங்களின் (வளையம் வளையமான உடற்பகுதிகளின்) வரிசை என்று எண்ணிக்கொண்டால் தலையும் வாலும் கணக்கில் வராமல் போய்விடும். வாய்க்கு முன்னால் இருக்கும் புரோஸ்டோமியமும் மலவாயைத் தாங்கும் பைஜிடியமும் கண்டங்கள் அல்ல. அவை ட்ரோகோஃபோர் லார்வாவின் இரு முனைகளிலிருந்து நேரடியாக உருவாகின்றவை. புதிய கண்டங்கள் பைஜிடியத்துக்குச் சற்று முன்னால் உள்ள வளர்ச்சி வளையத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுவதால், புழுவின் மிக இளைய கண்டம் எப்போதும் வாலருகில்தான் இருக்கும். உணர்கொம்பும் பால்ப்பும் கண்களும் புரோஸ்டோமியத்துக்கு உரியவை. உங்கள் நீரிஸின் கழுத்தருகே நிற்கும் சிர்ரிகளோ, முன் கண்டங்கள் முள்மயிர்களை இழந்து தலையோடு ஒட்டிக்கொண்டதன் எச்சம்.

நீரிஸின் பக்கக்கால் ஒன்றை நுனிக் கத்தரியால் வெட்டி, கிளிசரினில் வைத்துப் பாருங்கள். மேல்மடல், கீழ்மடல் என்று இரண்டு பிரிவுகள் தெரியும். ஒவ்வொன்றின் நடுவிலும் தோலுக்கு வெளியே வராமல் ஒரு கருங்குச்சி நிற்கும்; அதுதான் அசிகுலா. மற்ற மயிர்களைப் போலவே உருவாகி, வெளியே நீளாமல் உள்ளே தங்கி, மடலுக்கு எலும்புபோல் நின்று தசைகளுக்குப் பிடிமானம் தருகிறது. வெளியே நிற்கும் மயிர்களை 400 மடங்கு பெருக்கத்தில் பார்த்தால், தண்டும் அலகுமாக இரண்டு துண்டுகள் மூட்டுப் போல இணைந்திருப்பது தெரியும். சிலவற்றின் அலகு ஈட்டிபோல் நீண்டும், சிலவற்றின் அலகு அரிவாள்போல் குட்டையாக வளைந்தும் இருக்கும். எந்தக் கண்டத்தில் எது இருக்கிறது என்பதை வைத்தே நீரிஸ் குடும்பத்தின் இனங்களில் பாதியைப் பிரித்துவிடலாம்.

இனி இரண்டாம் புழு. அதில் பக்கக்காலைத் தேடாதீர்கள். நீரிஸ் தரையின் மேல் ஊர்ந்து, நெளிந்து நீந்தும் புழு. அதற்குப் பக்கக்காலும் அதை இயக்கும் சாய்தசைகளும் வேண்டும். சேற்றுக்குள் துளைத்துக்கொண்டு செல்லும் புழுவுக்குத் துருத்தி நிற்கும் மடல் ஒரு தடை மட்டுமே. அது உடற்குழியிலுள்ள நீர்மத்தை வட்டத்தசைகளாலும் நீளத்தசைகளாலும் மாறி மாறி அழுத்தி, உடலை நீட்டியும் பருக்க வைத்தும் முன்னேறுகிறது. மண்புழு செய்வதும் இதுவேதான் என்பதால் இரண்டும் ஒன்றுபோல் தெரிவதில் வியப்பில்லை. எனவே மடல் போனாலும் போகாமல் நிற்கும் முள்மயிரைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

புழுவை முழுவதுமாகக் கிளிசரினில் ஓர் இரவு ஊறவிட்டு, கண்ணாடித் தகட்டில் பக்கவாட்டில் கிடத்துங்கள். பருத்த முன்பகுதியில் மெல்லிய இழைமயிர்கள் இருக்கும். பின்னால் போகப் போக அவை மறைந்து, குட்டையான கொக்கிகள் வரிசையாக நிற்கும். கொக்கியின் நுனியை உற்றுப் பாருங்கள். நுனிப் பற்களை ஒரு மெல்லிய ஒளிபுகு முக்காடு போர்த்தியிருந்தால் அது ஒலிகோகீட்டா அல்ல. கடலில் வாழும் ஒலிகோகீட்டுகளின் மயிர் நுனி பெரும்பாலும் இரண்டாகப் பிளந்திருக்கும். ஆனால் முக்காடு இருக்காது. கிளைடெல்லத்தை நம்ப வேண்டாம். முதிர்ந்த புழுவில்தான் அது தெரியும்.

முக்காட்டைக் கண்டவுடன் முடிவுக்கு வந்துவிடவும் கூடாது. ஸ்பியோனிட் குடும்பத்திலும் இதே கொக்கி உண்டு. அவற்றுக்கு இரண்டு நீண்ட பால்ப்புகள் இருந்தாலும், பதப்படுத்தும்போது அவை உதிர்ந்துவிடும். உதிர்ந்த இடத்தின் வடுவைத் தேட வேண்டும். லம்பிரினெரிட் குடும்பத்துப் புழுக்களுக்கும் முக்காடு போட்ட கொக்கியும் வெறுந்தலையும் உண்டு. அவற்றின் தொண்டைக்குள் கருந்தாடைகள் தோலின் ஊடாகவே தெரியும். இந்த இரண்டையும் விலக்கிய பிறகு எஞ்சுவது கேப்பிட்டெல்லிடே குடும்பம். அப்போது முன்பகுதியில் மயிருள்ள கண்டங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்பது என்றால் கேப்பிட்டெல்லா, பத்து என்றால் மீடியோமாஸ்டஸ், பதினொன்று என்றால் நோட்டோமாஸ்டஸ் முதலியவை என்று ஒரு முதற்கட்ட ஊகத்துக்கு வரலாம். குஞ்சுகளில் இந்தக் கணக்கு தவறும்.

கருஞ்சிவப்பு நிறத்தைப் பற்றி ஒரு சொல். கேப்பிட்டெல்லிட்டுகளுக்கு இரத்தக் குழாய்களே இல்லை. ஹீமோகுளோபின் உடற்குழி நீர்மத்தில் மிதக்கும் செல்களில் இருக்கிறது. அதுதான் தோல் வழியாகச் சிவப்பாகத் தெரிகிறது.

கொடிவழி எழுதியது:

மேலே உள்ள பதிலில் ‘மடல் போனாலும் முள்மயிர் போகாமல் நிற்கும்’ என்ற வரி இரண்டாம் கேள்விக்கும் பாதி விடை.

முதலில் ‘இயற்கையான குழு அல்ல’ என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்பத்தின் கொடிவழியை எழுதும்போது, ஊரைவிட்டுப் போய் உடையும் பேச்சும் மாறிவிட்ட ஒரு மகனின் சந்ததியை மட்டும் விட்டுவிட்டு, மற்றவர்களை ‘முழுக் குடும்பம்’ என்று எழுதினால் எப்படியோ அப்படித்தான் பாலிகீட்டா. கடலைவிட்டு நன்னீருக்கும் நிலத்துக்கும் சென்ற மண்புழுக்களும், அவற்றிலிருந்து கிளைத்த அட்டைகளும் அந்தக் கொடியின் நடுவில் முளைத்தவை. அவற்றைத் தவிர்த்துவிட்டு எஞ்சியதற்கு வைத்த பெயர் பாலிகீட்டா. அப்பெயரை 1850இல் குரூபே வைத்தார். ‘நிறைய மயிர்’ என்பது அதன் பொருள். ஒலிகோகீட்டா என்றால் ‘சில மயிர்’. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 1758இல், லின்னேயஸ் கடற்கரை மணலில் வளை தோண்டும் அரெனிக்கோலா புழுவை மண்புழுவின் பேரினத்திலேயே சேர்த்து ‘லம்பிரிகஸ் மரீனஸ்’ என்று எழுதியிருந்தார். வெளித்தோற்றத்தை வைத்துச் செய்த பிழை என்று பின்வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள். அரெனிக்கோலாவும் மண்புழுவும் செடென்டேரியா என்ற ஒரே பெருங்கிளையில் இருப்பதை இன்று பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

1866இல் கத்ரஃபாஜ் பாலிகீட்டுகளை எரான்ஷியா, செடென்டேரியா என்று இரண்டாகப் பிரித்தார். அலைந்து திரிபவை, ஓரிடத்தில் தங்குபவை என்று பொருள். உங்கள் நீரிஸ் முதல் பிரிவு. குழாய் கட்டி வாழும் விசிறிப்புழு இரண்டாவது பிரிவு. இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பிரிவு கைவிடப்பட்டது. வாழும் விதத்தை வைத்து உறவைச் சொல்ல முடியாது என்பதே காரணம். அது நியாயமான காரணமும்கூட. 1962இல் டேல்ஸ் தொண்டையின் அமைப்பை வைத்து வேறு விதமாக வரிசைப்படுத்திப் பார்த்தார். 1977இல் ஃபௌகால்ட் 17 வரிசைகளாகப் பிரித்து, அவற்றுக்கிடையே உள்ள உறவைப் பற்றி அதிகம் சொல்லாமல் விட்டார். குடும்பம் வரை தெளிவு, அதற்கு மேலே மூடுபனி என்பதே அன்றைய நிலை.

1997இல் ரவுஸும் ஃபௌகால்டும் எல்லாக் குடும்பங்களின் உடற்கூற்றுப் பண்புகளையும் அட்டவணையாக்கிக் கிளைவழி ஆய்வு செய்தார்கள். அதில் பாலிகீட்டா ஒரு முழுக் குழுவாகவும், மண்புழுவும் அட்டையும் அதற்கு வெளியே உடன்பிறந்த கிளையாகவும் வந்தன. பால்ப் உள்ளவை, இல்லாதவை என்பதும் அதில் ஒரு முக்கியப் பிரிவாக இருந்தது. உங்கள் இரண்டாம் புழு இல்லாதவற்றில், ஸ்கோலெசிடா என்ற குழுவில் போய் உட்கார்ந்தது.

எனக்கு எப்போதும் உறுத்தலாக இருப்பது இந்த இடம்தான். ஓர் உறுப்பு ‘இல்லை’ என்று அட்டவணையில் எழுதும்போது, அது ஒருபோதும் இருந்ததில்லை என்பதும், இருந்து அழிந்தது என்பதும் ஒரே குறியாகிவிடுகின்றன. மண்ணைத் துளைக்கும் எந்தப் புழுவுக்கும் பால்ப்பும் உணர்கொம்பும் மடலும் தேய்ந்து போகலாம். வெவ்வேறு வழிகளில் வந்த பத்துப் புழுக்கள் இப்படித் தேய்ந்தால், அவையெல்லாம் அட்டவணையில் நெருங்கிய உறவினர்களாகத் தெரியும். அந்த அட்டவணை பொய்யல்ல. அது எழுப்பிய கேள்விகள்தான் பின்னால் வந்தவர்களை வேலை வாங்கின. அதே 1997இல் மெக்ஹியூ ஒரு மரபணுவின் வரிசையை வைத்து, தனித் தொகுதிகளாக இருந்த எக்கியூராவும் போகோனோஃபோராவும் வளைதசைப்புழுக்களுக்குள் கிளைத்தவை என்று காட்டினார்.

டி.என்.ஏ மட்டும்தானா என்று கேட்டீர்கள். இல்லை. போகோனோஃபோராவின் கதையைச் சொன்னால் அது விளங்கும். ஆழ்கடலில் மெல்லிய குழாய்க்குள் வாழும் இந்தப் புழுக்களுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உடலுக்குள் வாழும் பாக்டீரியாக்களே உணவு தருகின்றன. 1914இல் கௌலரி இவற்றுள் சிபோக்ளைனம் என்ற பேரினத்தை விவரித்தபோது, அது எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்றே சொல்ல முடியவில்லை. பின்னர் பலர் இவற்றை முதுகெலும்பிகளின் பக்கத்து உறவினர்கள் என்றுகூடக் கருதினார்கள். காரணம் கேலிக்குரியது போலத் தோன்றும்: ஆழ்கடல் வலையில் சிக்கும்போது இப்புழுக்களின் பின்முனை அறுந்து சேற்றிலேயே தங்கிவிடும், கைக்கு வந்தவை எல்லாம் வாலற்றவை. 1964இல் வெப் முழுப் புழு ஒன்றின் பின்முனையை விவரித்தபோது, அங்கே குறுகிய கண்டங்கள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் முள்மயிர்களோடு இருந்தன. இத்தனை காலமும் சான்று கடலடியில் கிடந்திருக்கிறது. இதில் இன்னொரு முரண், 1933இல் உஷாகோவ் இதே குழுவைச் சேர்ந்த லாமெல்லிசபெல்லாவை விவரித்தபோது, அதை ஒரு பாலிகீட்டாகத்தான், அதுவும் விசிறிப்புழுக் குடும்பத்தில், வைத்திருந்தார். அவருடைய கணிப்பைப் பிற்காலத்தார் தள்ளிவிட்டு, பல பத்தாண்டுகள் சுற்றி அதே வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். 1977இல் காலபாகோஸ் அருகே வெந்நீர் ஊற்றுகளில் கண்டறியப்பட்ட பெரிய ரிஃப்டியாவும் இந்தக் குடும்பம்தான். இன்று அதன் பெயர் சிபோக்ளைனிடே.

2011இல் ஸ்ட்ரக் குழுவினர் நூற்றுக்கணக்கான மரபணுக்களின் தரவை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, கைவிடப்பட்ட எரான்ஷியாவும் செடென்டேரியாவும் ஏறக்குறைய அதே உருவில் திரும்பி வந்தன. மண்புழுவும் அட்டையும் செடென்டேரியாவுக்குள் இருந்தன. 2014இல் வைகெர்ட் குழுவினர் அடித்தண்டின் அருகே ஓவெனிடே, மகெலோனிடே, பிறகு கீட்டோப்டெரிடே ஆகிய குடும்பங்களும், பிறகு தீப்புழுக்களும் கண்டமே இல்லாத சிபன்குலாவும் கிளைப்பதைக் காட்டினர். ஓவெனியா புழுவின் நரம்பு மண்டலம் தசைக்குள் இறங்காமல் தோலின் அடுக்கிலேயே கிடப்பதும், தோல் செல் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு குற்றிழை இருப்பதும் முன்பே உடற்கூற்றியலார் குறித்து வைத்தவை. அவற்றை எங்கே பொருத்துவது என்பதுதான் மரம் வந்த பிறகு தெரிந்தது.

உங்கள் பதிவேட்டுக்கு: ‘வகுப்பு’ கட்டத்தைக் காலியாக விட்டு, அடுத்த வரியில் ‘செடென்டேரியா, கேப்பிட்டெல்லிடே’ என்று எழுதுங்கள். இந்தக் குடும்பத்துக்கு மிக நெருங்கியவை எக்கியூராக்கள். அவை கண்டங்களற்ற பை போன்ற உடலும் முன்னே நீளும் தும்பிக்கையும் கொண்ட புழுக்கள். அவற்றின் லார்வாவில் நரம்பு வடம் கண்டம் கண்டமாக அடுக்கப்படுவதை நுண்ணோக்கியில் காட்டியிருக்கிறார்கள்; வளர்ந்த பிறகு அந்த வரிசை கலைந்துவிடுகிறது.

சேற்றுப்படுகை எழுதியது:

கொடிவழி அவர்கள் எழுதியதில் தகவல் பிழை எதுவும் இல்லை. ஆனால் ‘கட்டத்தைக் காலியாக விடுங்கள்’ என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கடலடி விலங்குகளை எண்ணி மாசைக் கணிக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். எங்கள் பழைய பதிவேடுகள் எல்லாவற்றிலும் ‘பாலிகீட்டா’ என்ற தலைப்பின் கீழ்தான் எண்ணிக்கை இருக்கிறது. பல தரவுத்தளங்களும் இன்றுவரை அப்படியே வைத்திருக்கின்றன. இன்று அதை அழித்தால், முப்பது ஆண்டுக்கு முந்தைய எண்ணிக்கையோடு எதை ஒப்பிடுவது? மீன் என்ற சொல்லும்கூட இயற்கையான குழுவைக் குறிப்பதில்லை. அதற்காக யாரும் மீன் என்று எழுதாமல் இருப்பதில்லை. பெயரை வைத்துக்கொள்ளுங்கள், அதை உறவாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதே என் தரப்பு.

நான் கவலைப்படுவது மேல் தட்டைப் பற்றியல்ல, கீழ்த் தட்டைப் பற்றி. ஒன்பது கண்டங்களை எண்ணிவிட்டு ‘கேப்பிட்டெல்லா கேப்பிட்டேட்டா’ என்று எழுதிவிடாதீர்கள். ஒரு காலத்தில் அந்த ஒரே இனம் உலகக் கடல்கள் அனைத்திலும், குறிப்பாக மாசுபட்ட சேற்றில், பெருகி வாழ்வதாக நம்பினோம். 1969இல் அமெரிக்காவின் வெஸ்ட் ஃபால்மத் அருகே எண்ணெய் கொட்டியபோது மற்ற விலங்குகள் மடிந்த சேற்றில் இப்புழுக்கள் பெருகின. அவற்றை ஆராய்ந்த கிராசில் இணையர், 1976இல், ஒன்றென்று எண்ணியதற்குள் ஆறு இனங்கள் இருப்பதை நொதிகளின் வேறுபாட்டைக் கொண்டு காட்டினார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும், முட்டையின் அளவும் லார்வா நீரில் திரியும் காலமும் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தன. அவற்றில் ஆய்வகத்தில் அதிகம் வளர்க்கப்படுவதற்கு 2009இல்தான் கேப்பிட்டெல்லா டெலெட்டா என்று தனிப் பெயர் கிடைத்தது. உருவத்தை மட்டும் வைத்து நீங்கள் பேரினத்தோடு நிற்பதே நேர்மை.

ஈரமணல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. கண்ணாடித்தகடு அவர்கள் சொன்னபடி ஓர் இரவு கிளிசரினில் ஊறவிட்டுப் பார்த்தேன். முதலில் புழு மல்லாந்து கிடந்ததால் எதுவும் தெரியவில்லை. மூடுதகட்டை ஊசியால் மெல்லத் தள்ளி உருட்டியதும் பக்கவாட்டில் திரும்பியது. பால்ப் உதிர்ந்த வடு இல்லை, தொண்டையில் தாடையும் இல்லை. மயிருள்ள கண்டங்கள் முன்பகுதியில் ஒன்பது. முதல் ஏழில் இழைமயிர்கள். அதன் பிறகு கொக்கிகள். எண்ணெய் வில்லையைப் போட்டுக் குவியத்தை மயிரிழை அளவு மேலும் கீழும் நகர்த்தியபோது, கொக்கியின் நுனியைச் சுற்றி ஒரு நிழல்போல அந்த முக்காடு தெரிந்து மறைந்தது.

எட்டாம், ஒன்பதாம் கண்டங்களின் முதுகுப்புறத்தில் நான் எதிர்பாராத ஒன்றும் இருந்தது. தடித்த, மஞ்சள் நிறமான முட்கள் முன்னும் பின்னுமாக எதிரெதிரே சாய்ந்து, கத்தரிக்கோலைப் போல ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்கின்றன. இது காயமா, வேறு இனமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். எல்லோரும் முள்மயிரையே இவ்வளவு நம்புகிறீர்கள். பக்கக்கால் தேயலாம் என்றால், மயிர் மட்டும் ஏன் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கக் கூடாது?

கண்ணாடித்தகடு எழுதியது:

காயமல்ல. அவை இனப்பெருக்க முட்கள். உங்கள் புழு ஆண், அல்லது சிலவேளை காணப்படும் இருபாலி. மற்ற முள்மயிர்கள் உருவாகும் அதே பைகளில் தடித்து வளர்ந்தவைதான் அவை. இந்த இடத்தில் இப்படிக் குறுக்கிட்டு நிற்கும் முட்கள் கேப்பிட்டெல்லா பேரினத்துக்கு நல்ல சான்று. இது உங்களுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம். பெண் புழுவாக இருந்திருந்தால் கண்டங்களின் எண்ணிக்கையை மட்டுமே நம்பியிருக்க வேண்டும்.

மயிரைப் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. மயிர் இருக்கிறது என்பதை மட்டும் நாங்கள் நம்பவில்லை. அது கட்டப்படும் முறையை நம்புகிறோம். தோல் உள்மடிந்து ஒரு குறுகிய பையாகிறது. அதன் அடியில் ஒரே ஒரு செல் இருக்கிறது. அந்தச் செல்லின் மேற்பரப்பிலிருந்து நுண்விரல்கள் கொத்தாக எழுகின்றன. அவற்றின் இடைவெளிகளில் கைட்டின் சுரந்து இறுகுகிறது. அடியில் புதிய பொருள் சேரச் சேர மயிர் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. நுண்விரல்கள் இருந்த இடங்களெல்லாம் வெறும் துளைகளாக உள்ளே தங்கிவிடுகின்றன. அதனால் மயிரைக் குறுக்கே வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் தேன்கூடு போன்ற குழாய்த் துளைகள் தெரியும். கொக்கிக்குப் பல் எங்கே வர வேண்டும், முக்காடு எங்கே தொடங்க வேண்டும் என்பதெல்லாம், எந்த நுண்விரல் எப்போது எழுந்து எப்போது ஒடுங்குகிறது என்பதைப் பொறுத்தது. முதலில் உருவாவது நுனி; அடிப்பாகம் கடைசியில் வருகிறது. உங்கள் நீரிஸின் அரிவாள் அலகும், கேப்பிட்டெல்லாவின் கொக்கியும், மண்புழுவின் குட்டை மயிரும், சிபோக்ளைனிட் புழுவின் பின்முனை முட்களும், எக்கியூராவின் வாய்க்குப் பின்னால் உள்ள ஒரு சோடி மயிரும் இதே முறையில் கட்டப்படுகின்றன.

கொடிவழி எழுதியது:

அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மயிரும் அழியக்கூடியதுதான். அட்டைகளில் அது இல்லை. ஆனால் அவற்றின் நெருங்கிய உறவான அகாந்தோப்டெல்லாவின் முன் கண்டங்களில் இன்னும் சில கொக்கிகள் எஞ்சி நிற்கின்றன. சிபன்குலாவில் சுவடே இல்லை. இதே தேன்கூட்டு மயிர் பிராக்கியோபோடு என்ற ஓட்டுடலிகளின் மேலாடை விளிம்பிலும் இருக்கிறது. ஆகவே அது வளைதசைப்புழுக்களுக்கும் முந்தைய ஒரு மூதாதையிடமிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு தரப்பினர் வாதிடுகிறார்கள். மயிர் இருப்பது உறவுக்குச் சான்று. இல்லாதது எதற்கும் சான்றல்ல என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறு நேராது.

சேற்றுப்படுகை அவர்களுக்கு: மீன் உதாரணத்தை ஏற்கிறேன். தலைப்பில் பாலிகீட்டா இருக்கட்டும். ‘வகுப்பு’ என்ற கட்டத்தில் மட்டும் வேண்டாம்.

ஈரமணல் எழுதியது:

பெயர்ச்சீட்டை எழுதிப் புட்டிக்குள் போட்டுவிட்டேன்: ‘கேப்பிட்டெல்லா, இனம் தீர்மானிக்கப்படவில்லை, ஆண், மயிருள்ள முன் கண்டங்கள் 9, இனப்பெருக்க முட்கள் 8, 9.’ வகுப்பு என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறேன். அந்த ஆறு இனங்களில் இது எது என்று பிறகு யாராவது பார்க்க முடியுமா?

சேற்றுப்படுகை எழுதியது:

இந்தப் புழுவைக் கொண்டு பார்ப்பது கடினம், ஃபார்மலின் டி.என்.ஏவைச் சிதைத்துவிடும். அடுத்த முறை அதே இடத்தில் அலசும்போது நாலைந்து புழுக்களை ஃபார்மலினில் போடாமல், நேராக 95 சதவீத எத்தனாலில் போட்டு, ஒரு நாள் கழித்து அதை மாற்றி, குளிரில் வையுங்கள். அவற்றோடு குழாய்கள் ஏதும் கிடைத்தால் எறிந்துவிட வேண்டாம். பெண் புழு முட்டைகளைத் தன் குழாயின் உட்சுவரில் ஒட்டி அடைகாக்கும். முட்டையின் விட்டத்தை அளந்தாலே ஆறில் சிலவற்றை விலக்கிவிடலாம்.